40 வயதுக்கு மேல் ஆன்லைனில் கோடிங் கற்பவர்கள் மாட்டும் ‘டுடோரியல் பொறி’ என்றால் என்ன?

வீடியோவோடு சேர்ந்து தட்டும்போது எல்லாம் புரியும். வெற்றுத் திரை முன்னால் உட்கார்ந்தால் ஒரு வரிகூட வராது. இதுதான் டுடோரியல் பொறி.

காரணம், எதை எந்த வரிசையில் செய்வது என்ற முடிவை வீடியோக்காரரே எடுத்துவிடுகிறார். நமக்கு மிஞ்சுவது தட்டச்சு. அடுத்த வீட்டு வாசலில் கோலத்தைத் தினமும் பார்க்கலாம். மாவை நாம் எடுத்தால்தான் கோடு எங்கே கோணுகிறது என்று தெரியும்.

20 நிமிட வீடியோவுக்கு 40 நிமிடமாவது, அதை மூடிவிட்டு, நினைவிலிருந்து எழுதுங்கள். பயிற்சிக்குப் பழைய வேலையையே எடுங்கள். கணக்குப் பிரிவில் இருந்தவர் என்றால், 30 நாள் தாண்டிய பில்களைப் பிரிக்கும் நிரலைப் பைதான் என்ற நிரல் மொழியில் எழுதுங்கள். அதில் முதல் அடி தேதியில் விழும். பில் பட்டியல் இருக்கும் சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்பு) சாதாரணமாகப் படித்தால் தேதி வெறும் எழுத்தாகவே வரும்; ‘05-03-2024’ஐயும் ‘20-01-2024’ஐயும் ஒப்பிட்டால், முதல் எழுத்து 0 என்பதால் மார்ச்தான் முந்தியது என்று பைதான் சொல்லும். பிழைச் செய்தியும் வராது. தேதியைத் தேதியாகவே பைதான் புரிந்துகொள்ளும் ‘டேட்டைம்’ வகைக்கு மாற்றினால் சரியாகும். இதை ஒரு மாலை முழுக்கத் தேடிக் கண்டுபிடிப்பவருக்குத் தரவு வகை என்றால் என்ன என்பது மறக்காது.

பலரும் இதை வயதுக் கோளாறு என்றே நினைத்துவிடுகிறார்கள். 20 வயதுக் கல்லூரி மாணவரும் இதே இடத்தில்தான் மாட்டுகிறார்.