முப்பதாயிரத்துக்குள் ஒரு போர்ட்ரெயிட் பை: கேள்வி பதில்

வந்திருக்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே இடத்தைத்தான் சுற்றுகின்றன: ஆள் இருக்கிற வீட்டுக்கோ தோப்புக்கோ பைக்கில் போய்ப் படம் எடுக்க, குறைந்த பணத்தில் எதை வாங்குவது. கீழே சொல்லும் விலைகள் தோராயம். கடைக்குக் கடை மாறும்.

கரூர்: அண்ணா, கேனன் 200டி-யும் அதோடு வந்த 18-55 லென்ஸும் இருக்கு. கையில் 30,000 ரூபாய். பாடியை மாற்றட்டுமா, இல்லை 85 எம்எம் லென்ஸ் வாங்கட்டுமா?

ரெண்டும் வேண்டாம் தம்பி. உங்கள் பாடியில் குறை ஒன்றுமில்லை, குறை வெளிச்சத்தில்தான். 50 எம்எம் எஃப் 1.8 எஸ்டிஎம் லென்ஸ் ஒன்பது பத்தாயிரம். கோடாக்ஸ் டிடி600 ஃபிளாஷ் ஆறாயிரம். அதை தூரத்தில் நிறுத்தி எரியவைக்கும் டிரிகர் ஐயாயிரம். ஸ்டாண்டு, அதில் ஃபிளாஷையும் குடையையும் பிடிக்கும் எஸ் டைப் பிராக்கெட், ஒளியைப் பரப்பி மென்மையாக்கும் 43 அங்குல வெள்ளைக் குடை மூன்றும் சேர்ந்து மூன்றரைக்குள். ரீசார்ஜ் ஏஏ பேட்டரி எட்டும் சார்ஜரும் மூன்று நான்காயிரம். கணக்கு முடிந்தது.

85 ஏன் வேண்டாம் என்றால், இடம் போதாது. உங்கள் கேமராவில் செங்குத்தாகப் பிடித்து ஒருவரை இடுப்புவரை எடுக்க 50 எம்எம்முக்கு இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் போதும். 85-க்கு மூன்றரை மீட்டர் வேண்டும். ஆளுக்குப் பின்னால் சுவரோடு ஒட்டாமல் ஒரு மீட்டர், உங்கள் முதுகுக்கு அரை மீட்டர் என்று கூட்டிப் பாருங்கள். நம்ம ஊர் ஹாலில் சோபாவை வாசலுக்குத் தூக்கினாலும் அந்த நீளம் கிடைக்காது.

நிக்கான் டி3000, டி5000 வரிசைக்காரர்கள் ஒன்றைக் கவனியுங்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று 50 எம்எம் '1.8டி' வாங்கினால் ஆட்டோ ஃபோகஸ் வேலை செய்யாது. அந்த லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது, உங்கள் பாடிக்குள்ளும் கிடையாது. 'ஏஎஃப்-எஸ் 1.8ஜி' என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

நாமக்கல்: டிடி600-இல் டிடிஎல் இல்லையாமே. மானுவலில் தடுமாற மாட்டேனா சார்?

டிடிஎல் என்றால் ஃபிளாஷ் எவ்வளவு எரியவேண்டும் என்பதைக் கேமராவே அளந்து வைப்பது, மானுவலில் அதை நாமே வைக்கவேண்டும். கல்யாண மண்டபத்தில் ஓடி ஓடி எடுப்பவருக்கு டிடிஎல் வேண்டும். உட்காரவைத்து எடுக்கும் போர்ட்ரெயிட்டில் ஃபிளாஷும் நகராது, ஆளும் நகரமாட்டார். ஒருமுறை வைத்த அளவு கடைசிவரை நிற்கும்.

ஐஎஸ்ஓ 200, ஷட்டர் 1/160, எஃப் 5.6. குடையை முகத்திலிருந்து ஒரு மீட்டரில், கண்மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, பக்கவாட்டில் 45 டிகிரியில் வையுங்கள். ஃபிளாஷ் அதன் முழு பலத்தில் 1/16. முதலில் ஃபிளாஷை அணைத்து ஒரு படம் எடுங்கள், அது கிட்டத்தட்ட இருட்டாக வரவேண்டும். பிறகு எரியவிட்டு எடுத்து, முகம் மங்கலாக இருந்தால் 1/8, வெளுத்தால் 1/32. மூன்றாவது படத்தில் சரியாகிவிடும். குடையை இரண்டு மீட்டருக்குத் தள்ளினால் வெளிச்சம் பாதியாகாது, கால்வாசியாகிவிடும், அப்போது 1/4 வைக்கவேண்டி வரும். கூடவே நிழலும் கடுமையாகும். அதனால் படத்துக்குள் குடை விளிம்பு தெரிகிற அளவுக்குக் கிட்டே கொண்டுவந்து, பிறகு ஒரு சாண் விலக்குங்கள்.

பலரும் தவறவிடுவது ஃபிளாஷ் தலையின் ஜூமை. அது 105-இல் நின்றால் ஒளி குடையின் நடுவில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குத்தான் விழும். 43 அங்குலக் குடை வாங்கியும் பத்து அங்குல வெளிச்சம்தான் கிடைக்கும். ஜூமை 24 அல்லது 28-க்குக் கொண்டுவந்து, எரியும்போது குடையைப் படம் எடுத்துப் பாருங்கள். துணி முழுக்க வெள்ளையாகத் தெரிந்தால் சரி.

திண்டிவனம்: 1500டி-யில் டிடி600-ஐ மாட்டினால் எரியவே மாட்டேன் என்கிறது. ஃபிளாஷ் பழுதா?

பழுதாக இருக்காது. கேமராவின் தலையில் ஃபிளாஷ் மாட்டும் இடத்தைப் பாருங்கள். நடுவில் பெரிய வட்டப் பொட்டு இருக்கிறதா? 1500டி, 3000டி, 200டி II போன்ற கேனன் பாடிகளில் அந்த நடுப்பொட்டை எடுத்துவிட்டார்கள். டிடி600 மாதிரியான மானுவல் ஃபிளாஷ் அதை நம்பித்தான் எரிகிறது. இப்போதைக்கு வழி உண்டு: டிடி600-ஐ எஸ்2 முறையில் ஸ்டாண்டில் வைத்து, கேமராவின் பாப்-அப் ஃபிளாஷைத் திறந்து எடுங்கள். பாப்-அப்பின் வெட்டைப் பார்த்து அது எரியும். எஸ்1-இல் வைத்தால் படத்துக்கு முன்பே வரும் முன்னோட்ட வெட்டுக்கே எரிந்து ஏமாற்றும். வெயிலில் இந்த வேலை எடுபடாது. டிரிகர் வாங்கும்போது பாடியைக் கடைக்கு எடுத்துப்போய், மாட்டி எரியவைத்துப் பார்த்தபிறகு காசு கொடுங்கள்.

மன்னார்குடி: ரிஃப்ளெக்டருக்குப் பதில் தெர்மாகோல் போதுமா?

தாராளமாக. ஒளியை முகத்துக்குத் திருப்பி அனுப்பத்தானே ரிஃப்ளெக்டர். சினிமா ஷூட்டிங்கிலேயே தெர்மாகோல் அட்டையைத்தான் தூக்கிப் பிடிக்கிறார்கள். ஒரு பக்கம் கறுப்பு சார்ட் ஒட்டிவிட்டால், நிழலைக் கூட்ட வேண்டிய இடத்துக்கும் ஆகும். பைக்கில் கொண்டுபோனால் காற்றில் உடையும், அது ஒன்றுதான் தொல்லை. அதற்காகத்தான் 110 செ.மீ. ஐந்து-இன்-ஒன் மடக்கு ரிஃப்ளெக்டர். அதில் தங்க நிறத்தை மறந்துவிடுங்கள், நம் மாநிறத்தை மஞ்சள் காமாலையாக்கும். உள்ளே இருக்கும் அரைத்தெளிவு வெள்ளைத் துணிதான் அதிகம் உழைக்கும். உச்சிவெயிலில் அதை ஒருவர் தலைக்கு மேல் பிடித்தால் கண்குழி நிழல் போய்விடும். ஆனால் தலையும் தோளும் அளவுக்குத்தான் மறைக்கும், முழு உருவத்துக்குக் காணாது.

பொள்ளாச்சி: தோப்பில் பகலில் ஃபிளாஷ் போட்டு, பின்னணியும் மங்கலாக வரவேண்டும். படமெல்லாம் வெளுத்துப்போகிறது.

சுள்ளென்ற வெயிலில் ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/200 என்றால் எஃப் 11-க்குத்தான் சரியான வெளிச்சம். நீங்கள் எஃப் 2.8-இல் எடுக்கிறீர்கள், நான்கு ஸ்டாப் கூடுதல் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு). ஷட்டரை 1/200-க்கு மேல் ஏற்றினால் படத்தில் கறுப்புப் பட்டை விழும். எச்எஸ்எஸ் (வேகமான ஷட்டரிலும் ஃபிளாஷ் எரியும் முறை) போட்டால் பட்டை போகும், ஃபிளாஷின் பலமும் இரண்டு ஸ்டாப்பாவது போகும். சின்ன ஃபிளாஷில் குடையையும் மாட்டி எச்எஸ்எஸ்ஸும் போட்டால் மிஞ்சுவது ஒன்றுமில்லை. ஆளை மர நிழலுக்குக் கூட்டிவந்தால் இரண்டு மூன்று ஸ்டாப் சும்மாவே குறையும். அதுவும் போதாவிட்டால் 50 எஸ்டிஎம்முக்கு லென்ஸுக்குள் போகும் வெளிச்சத்தைக் குறைக்கும் 49 மி.மீ. என்டி ஃபில்டர் வாங்குங்கள். ஃபில்டர் ஃபிளாஷையும் சேர்த்து மறைக்கும் என்பதால் குடையை நெருக்கி வையுங்கள்.

விருதுநகர்: அப்பாவை வெள்ளை வேட்டி சட்டையில் எடுத்தால் சட்டை வெளுக்கிறது, இல்லாவிட்டால் முகம் கறுக்கிறது.

நல்ல கேள்வி, காசும் அதிகம் ஆகாது. கறுத்த முகம் ஃபிரேமை நிறைத்தால் கேமரா 'இருட்டு' என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டும், சட்டை எரியும். சட்டை நிறைத்தால் நேர் எதிர். மானுவலுக்கு வந்துவிடுங்கள்.

பிறகு குடையைத் திருப்புங்கள். அதன் நடுக்கம்பி அவர் நெஞ்சைப் பார்க்கக் கூடாது. குடையை உயர்த்தி, கம்பி அவர் மூக்குக்கு முன்னால் அரை மீட்டர் தள்ளிக் காற்றைப் பார்க்கும்படி வைத்தால், முகத்துக்குக் குடையின் விளிம்பு ஒளி மெதுவாக விழும், சட்டைக்குக் குறைவாகப் போகும். சட்டை மடிப்பின் கோடுகள் திரையில் தெரிகிறவரை ஃபிளாஷைக் குறையுங்கள். முகத்தின் நிழல்பக்கத்துக்குத் தெர்மாகோலை மடியருகே பிடியுங்கள். கறுப்புத் தோலுக்கு அழகு பக்கவாட்டில் ஓடும் மினுமினுப்பில்தான். முகத்தை வெளுக்கவைத்து அதைக் கெடுக்காதீர்கள். நெற்றி எண்ணெய்ப் பளபளப்பை மட்டும் டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள், துடைக்க வேண்டாம்.

சுவர் பச்சையோ நீலமோ என்றால் இன்னொரு சிக்கல். வெள்ளைக் குடை நாலாபக்கமும் ஒளியைச் சிதறும், சுவர் அந்த நிறத்தை முகத்துக்கே திருப்பி அனுப்பும். வெள்ளை பாலன்ஸ் மாற்றினால் ஒரு கன்னம்தான் சரியாகும். ஆளை வாசல் திண்ணைக்குக் கொண்டுபோய்த் தெருவைப் பார்க்க உட்காரவையுங்கள். மேலே கூரை, எதிரே திறந்த வானம், பின்னால் இருண்ட கதவு. ஃபிளாஷே தேவைப்படாது.

தூத்துக்குடி: தாத்தாவின் ஸ்டூடியோவில் இருந்த பழைய ஃபிளாஷ் கிடைத்திருக்கு. புதுக் கேமராவில் மாட்டலாமா?

அளக்காமல் மாட்டாதீர்கள். பழைய விவிட்டார் 283 ஃபிளாஷ் சிலவற்றில், கேமராவின் நடுப்பொட்டுக்கு வரும் டிரிகர் வோல்டேஜ் 200-ஐத் தாண்டும், கேமரா கெட்டுவிடலாம். ஃபிளாஷில் பேட்டரி போட்டு, ரெடி விளக்கு எரிந்தபின், மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து ஒரு முனையை அடிப்பாகத்தின் நடுப்பொட்டிலும் மறுமுனையை ஓரத் தகட்டிலும் வையுங்கள். 6-க்குள் என்றால் பயமில்லை. 24-க்கு மேல் என்றால் தாத்தா நினைவாக அலமாரியில் வையுங்கள்.

சென்னை: செகண்ட் ஹேண்டு லென்ஸில் எதைப் பார்ப்பது?

பின்பக்க மூடியைக் கழற்றி, ஒரு பக்கத்திலிருந்து செல்போன் டார்ச்சைச் சாய்த்து அடித்து மறுபக்கம் பாருங்கள். தூசி பரவாயில்லை. சிலந்திக் கால் மாதிரி கிளை பிரிந்திருந்தால் பூஞ்சை, வேண்டாம். அப்பர்ச்சர் இதழ்களில் எண்ணெய்ப் பசை கூடாது. எஃப் 1.8-இல் கண்ணுக்கு ஃபோகஸ் வைத்து பத்துப் படம் எடுங்கள், எல்லாவற்றிலும் காது மட்டும் தெளிவாக வந்தால் பின் ஃபோகஸ் கோளாறு. நிக்கான் பாடி என்றால் கேமரா எடுத்த ஜேபெக்கிலேயே ஷட்டர் எண்ணிக்கை பதிந்திருக்கும். கேனனில் பெரும்பாலும் கிடையாது, விற்பவர் வாயால் சொல்வதுதான்.

ராமேஸ்வரம்: கடற்கரையில் குடை ஸ்டாண்டு சாய்ந்துவிடுகிறது.

குடை காற்றுக்குப் பாய்மரம். ஒரு கால் குடை சாயும் திசையைப் பார்க்கட்டும், கால்களை நன்றாக அகட்டி, நடுத்தண்டில் கேமராப் பையையோ இரண்டு லிட்டர் தண்ணீர்ப் பாட்டில் இரண்டையோ கட்டித் தொங்கவிடுங்கள். காற்று பலமானால் குடையைக் கழற்றிவிட்டு, கூட வந்தவர் கையில் ஃபிளாஷைக் கொடுங்கள்.

சிங்கப்பூர்: ஊருக்கு வரும்போது கோடாக்ஸ் ஏடி200 எடுத்துவரலாமா? பேட்டரிக்குத் தடை உண்டா?

ஏடி200 ஃபிளாஷின் பேட்டரி 14.4 வோல்ட், 2,900 எம்ஏஎச். பெருக்கினால் சுமார் 42 வாட்-அவர், விமானத்தில் விடும் 100-க்குள்தான். ஆனால் கழற்றிய லித்தியம் பேட்டரியைக் கையில் கொண்டுபோகும் பையில்தான் வைக்கவேண்டும், செக்-இன் பெட்டியில் கூடாது. முனைகள் எதிலும் உரசாதபடி தனி உறையில் போடுங்கள்.