முதல் ஆன்லைன் பாடத்துக்கு எந்தக் கருவி?

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை. ஒரு வகுப்புக்குப் பாடம் போட மூடுல் கற்றுக்கொள்ளத்தான் வேண்டுமா?

இப்போதைக்கு வேண்டாம். மூடுல் என்பது இணையத்தில் பாடம் நடத்த 2002 முதல் இருக்கும் நல்ல மென்பொருள்தான், காசும் கேட்காது. ஆனால் சொந்தமாக நிறுவினால் சர்வர், பேக்கப், அப்டேட் எல்லாம் உங்கள் தலையில் விழும். ஒரு வகுப்புக்கு கூகுள் கிளாஸ்ரூம் தாராளம்.

கேள்வி: வீடியோ நடுவில் நின்று கேள்வி கேட்க வைக்க முடியுமா?

முடியும். எச்5பி என்ற இலவசக் கருவியில் 'இன்டராக்டிவ் வீடியோ' வகையைத் தேர்ந்தெடுங்கள். எச்5பி பாடங்களை உருவாக்கும் லூமி என்ற செயலியைக் கணினியில் போட்டுக்கொண்டால் சர்வர் இல்லாமலே செய்து பார்க்கலாம். கேள்வியை எங்கே வைக்கிறீர்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. நீல லிட்மஸ் தாள் எலுமிச்சைச் சாற்றைத் தொடுவதற்கு ஒரு நொடி முன்னால் நிறுத்தி, "என்ன நிறமாகும்?" என்று கேளுங்கள். சிவந்த பிறகு கேட்டால் பையன் திரையைப் பார்த்துச் சொல்லிவிடுவான், யோசிக்க மாட்டான்.

கேள்வி: கூகுள் ஃபார்ம்ஸ் வினாடி வினாவில் 'ஔவையார்' என்று சரியாக எழுதிய பிள்ளைகளுக்கும் பூஜ்யம் வருகிறது. ஏன்?

இந்தக் கேள்விக்காகவே பல நாள் காத்திருந்தேன்! அந்தப் பிள்ளைகள் 'ஔ' என்ற ஒற்றை எழுத்துக்குப் பதிலாக 'ஒ', 'ள' என்று இரண்டு எழுத்துகளைத் தட்டியிருப்பார்கள். கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்று, கணினிக்கு வேறு வேறு. குறுவிடைக் கேள்வியின் விடைக்குறிப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட விடைகளைச் சேர்க்கலாம், 'ஒளவையார்' என்பதையும் போட்டுவிடுங்கள். 'ஔவை', 'ஔவைப்பாட்டி' என்று எழுதுபவர்களும் உண்டு, அவற்றையும் சேருங்கள். தமிழில் தானாகத் திருத்தும் தேர்வென்றால் நான் கூடியவரை கொள்குறி வினாவுக்கே போய்விடுவேன். அப்புறம், பழைய பாமினி எழுத்துருவில் அடித்த கேள்வித்தாளை அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்துகளாகத்தான் கொட்டும். முதலில் யூனிகோடுக்கு, அதாவது இப்போது எல்லா இடத்திலும் பயன்படும் பொது எழுத்துமுறைக்கு, மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: வீடியோ எவ்வளவு நேரம் இருக்கலாம்? எதில் பதிவு செய்வது?

எட்எக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தின் பாடங்களை வைத்து 2014-இல் வந்த ஆய்வில், 6 நிமிடத்துக்கு உட்பட்ட வீடியோக்களைத்தான் மாணவர்கள் அதிகம் ஒன்றிப் பார்த்தார்கள். பதிவுக்கு ஓபிஎஸ் ஸ்டுடியோ இலவசம். மின்விசிறியை நிறுத்திவிட்டு, பத்து நொடி பேசிப் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள். மைக் மியூட்டில் கிடந்தது தெரியாமல் நாற்பது நிமிடம் பேசித் தீர்த்தவன் சொல்கிறேன்.

கேள்வி: ஒரு கம்பெனி 'ஸ்கார்ம்' வடிவில் கேட்கிறது. ஸ்டோரிலைன் வாங்க வேண்டுமா?

ஸ்டோரிலைன் பாடம் தயாரிக்கும் மென்பொருள். அவசரப்பட்டு வாங்காதீர்கள், விலை அதிகம். ஸ்கார்ம் என்பது பாடத்தைக் கட்டித் தரும் ஜிப் பொட்டலம், அவ்வளவுதான். யார் முடித்தார்கள், எத்தனை மதிப்பெண் என்ற தகவல் அதன் வழியே அவர்களுடைய தளத்துக்குப் போகும். லூமியிலிருந்தே அப்படி எடுக்கலாம். ஸ்கார்மில் 1.2 பதிப்பு வேண்டுமா, 2004 பதிப்பு வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு, ஒரே ஒரு கேள்வி வைத்த பொட்டலத்தை முதலில் அனுப்புங்கள். அவர்கள் பக்கம் மதிப்பெண் பதிவானால் மீதியைச் செய்யலாம்.