முதல் சொல் எது?

அன்புள்ள ஐயா,
ஜவ்வரிசி ஆலைகளுக்கு இயந்திரம் செய்யும் நிறுவனத்தில் கையேடு எழுதுகிறேன். எங்கள் நாற்பது கையேடுகளும் ‘இயக்கம், பராமரிப்புக் கையேடு’ என்றுதான் தொடங்கும். ஆட்கள் மாற்றி எடுத்துப் போய்விடுகிறார்கள். தலைப்பைத் தமிழில் வைப்பதா, ஆங்கிலத்திலா?
ம., சூரமங்கலம்

அன்புள்ள ம.,
மொழி கிடக்கட்டும். இயந்திரத்தைத் தொடுகிறவர் அதை எப்படிக் கூப்பிடுகிறாரோ அப்படி எழுதுங்கள். ஆட்கள் மேல் ஏன் பழி போடுகிறீர்கள்? தவறு எழுதுகிற உங்களுடையது.

நான் ஒரு நூற்பாலை ஸ்டோரில் வேலை பார்த்தவன். கோப்புகளின் முதுகில் ஆலையின் பெயரும் ‘பராமரிப்புக் கையேடு’ என்பதும் எழுதினாலே இடம் தீர்ந்துவிடும். எந்த மாடல் என்று பார்க்க அட்டையைத் திருப்ப வேண்டும். ஒரு ராத்திரி ஷிப்டில் ஃபிட்டர் அண்ணன் ஒருவர் பஞ்சைச் சிக்கெடுக்கிற கார்டிங் மெஷினில் வேறு மாடலின் கோப்பை எடுத்துப் போய், அதிலிருந்த அளவுக்கு இடைவெளி வைத்துவிட்டார். சிலிண்டர் என்ற பல் வைத்த உருளைக்கும் அதன் மேல் வரும் ஃபிளாட் என்ற பல் பட்டைக்கும் நடுவே லீஃப் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடு விட்டு, ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலக் கணக்கில் வைக்கிற இடைவெளி அது. இரண்டும் உரசிக் கம்பிப் பற்கள் மழுங்கிவிட்டன. விடிந்ததும் திட்டு அவருக்கு. தலைப்பு எழுதியவரை யாரும் கேட்கவில்லை. அந்தக் கோப்பின் ஓரத்தில் பதிந்திருந்த ஃபிட்டர் அண்ணனுடைய கிரீஸ் விரல்தடம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

நம் ஊரில் சேலம் ஜங்ஷன், சேலம் டவுன், சேலம் மார்க்கெட் என்று ஸ்டேஷன்கள். ஆட்டோக்காரரிடம் யாராவது ‘சேலம்’ சேர்த்துச் சொல்கிறோமா? ‘ஜங்ஷன்’ என்கிறோம், போய்ச் சேர்கிறோம். எல்லாவற்றுக்கும் பொதுவான சொல்லை வாய் தானாகவே விட்டுவிடுகிறது. நீங்கள் அதைத்தான் முன்னால் வைத்திருக்கிறீர்கள்.

மின்னஞ்சல் அனுப்பும் நெறிமுறைக்கு 1982, 2001, 2008 ஆகிய ஆண்டுகளில் ஆவணங்கள் வந்தன. மூன்றுக்கும் தலைப்பு ‘சிம்பிள் மெயில் டிரான்ஸ்ஃபர் புரோட்டோகால்’தான். 821, 2821, 5321 என்ற ஆர்.எஃப்.சி. (இணைய நெறிமுறை ஆவண வரிசை) எண்களால் பிரித்துச் சொல்கிறார்கள். மாவுக் கையோடு நிற்கிறவர் வெறும் ஆவண எண்ணையா நினைவில் வைத்திருப்பார்?

‘புதியது’ என்றும் போடாதீர்கள். நம் புது பஸ் ஸ்டாண்டு எத்தனை வருடமாகப் புதுசு! மாடல் எண்ணையே போடுங்கள்.

தோலுரிப்பு, அரவை, சல்லடை, வறுவல் என்று வேலையின் பெயர் முன்னால் வரட்டும், உடனே மாடல். ‘கையேடு’ கடைசியில் போதும். நாளைக்கே நாற்பதையும் அலமாரியில் அடுக்கி, ஆறடி தள்ளி நின்று படித்துப் பாருங்கள் தம்பி. எந்த இரண்டு ஒன்றுபோலத் தெரிகிறதோ, அவற்றை முதலில் மாற்றுங்கள்.