வாசகர் கேள்வி – பதில்: ஒழுங்கைக்குள் ஒரு கொலை

கொக்குவில் வாசகி: பெரிய நகரத்தில் நடக்கும் துப்பறியும் கதைகளை ஆறுதலாகப் படிப்பேன். சின்ன ஊரில் நடக்கும் கொலைக் கதை என்றால் விடிய விடியப் படிக்கிறேன். ஏன் இந்த இழுவை?

நகரத்தில் கொலை செய்தவன் பஸ் ஏறிப் போய்விடலாம். ஊரில் அவன் செத்தவீட்டுக்கு வந்து கதிரை அடுக்க வேண்டும், வராவிட்டால் ஊர் கேட்கும். பந்தல் போடும் ஏழெட்டுப் பேரில் ஒருவன்தான் ஆள் என்று தெரிந்த பிறகு, அவர்களில் ஒருவர் தேத்தண்ணி நீட்டினாலே நமக்குத் திக்கென்கிறது.

இன்னொன்று, ஊரில் எல்லோரும் எல்லோரையும் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்பிள் முதல் நாவலில் வந்தது 1930இல். செயின்ட் மேரி மீட் என்ற கற்பனைக் கிராமத்துக் கிழவி, பொலிஸ் பயிற்சி எதுவும் இல்லை. யாருக்கு யாரோடு கோபம், யார் வழக்கத்துக்கு மாறாக நடந்தார் என்ற ஊர்ப் புதினமே அவரது ஆயுதம். படலைச் சத்தத்தை வைத்தே ஆளைச் சொல்லும் ஆச்சிமார் நம் ஒழுங்கைகளிலும் இருக்கிறார்கள். அவர்களை வைத்து எழுதத்தான் ஆள் குறைவு.

சாவகச்சேரி வாசகர்: பாதிப் புத்தகத்திலேயே கொலைகாரனைப் பிடித்துவிடுகிறேன். பிழை என்னிலா, எழுதியவரிலா?

பெரும்பாலும் எழுதியவரில். சந்தேகத்துக்குரியவர்கள் மூன்று பேர் மட்டுமென்றால் ஊகிப்பது சுலபம். எட்டைத் தாண்டினால் யார் எவரென்றே மறந்துவிடும். ஐந்தாறு பேர் அளவானது. (சிவராசா, சிவபாலன், சிவலிங்கம் என்று மூவரை ஒரே கதையில் விட்டால் துப்பறிவாளருக்கே தலை சுற்றும்.) கொலையாளி கதையின் தொடக்கப் பகுதியிலேயே வந்துவிட வேண்டும் என்பது, ரொனால்ட் நொக்ஸ் என்ற பாதிரியார் 1929இல் வகுத்த பத்து விதிகளில் முதலாவது. அதைக் காப்பாற்றத்தான் பலர் திணறுகிறார்கள். வேலையில்லாமல் ஒருவர் அடிக்கடி வந்துபோனால், பழகிய வாசகர் பிடித்துவிடுவார். அவருக்குக் கதையில் சொந்தமாக ஒரு அலுவல் இருக்க வேண்டும்: சீட்டுப் பிடிப்பவர், கோயில் கணக்குப் பார்ப்பவர், இப்படி ஏதாவது.

தடயத்தை ஒளிப்பது அதைவிடக் கஷ்டம். ஒரு உதாரணம் பாருங்கள். மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு பெண், “ஏழு மணிக்குக் கரண்ட் நிண்டு போச்சுது, விளக்கைக் கொளுத்திப்போட்டு உள்ளேயே இருந்தனான்” என்கிறாள். ஏழாம் அத்தியாயத்தில் பக்கத்து வளவுக்காரர் வேறொரு சண்டைக்கு நடுவில், “அண்டைக்கும் ஏழு மணிக்கு இவன் மோட்டரைப் போட்டு என்ரை வெங்காயத் தறைக்குள்ளை தண்ணியை விட்டிட்டான்” என்று கத்துகிறார். வாசகர் சண்டையைப் பார்ப்பார், மோட்டரை விட்டுவிடுவார். கரண்ட் இல்லாத நேரத்தில் மோட்டர் ஓடியதென்றால், அந்தப் பெண் சொன்னது பொய். ஆனால் இங்கே ஒரு கிடங்கு உண்டு. நம் தோட்டங்களில் மண்ணெண்ணெய் மோட்டரும் ஓடுகிறது. அது கரண்ட் மோட்டர் என்று முதலே ஓரிடத்தில், கரண்ட் பில்லைப் பற்றிய புறுபுறுப்பாகவாவது, சொல்லியிருக்க வேண்டும். சொல்லாவிட்டால் கடைசியில் வாசகர் ஏமாந்த கோபத்தில் புத்தகத்தை எறிவார், நியாயமும் அவர் பக்கம்தான்.

பருத்தித்துறை வாசகர்: ஊரை வைத்து ஒரு கொலை நாவல் எழுதுகிறேன். பொலிஸ், நீதிமன்ற விஷயங்களில் எங்கே சறுக்கும்?

மூன்று இடங்களில் சறுக்குகிறது.

“இரவு 10.20க்கு இறந்தார்” என்று வைத்தியர் அடித்துச் சொல்வது முதலாவது. மரண விறைப்பு சில மணி நேரத்தில் தொடங்கி, ஏறத்தாழ 12 மணி நேரத்தில் உடல் முழுவதும் பரவி, பிறகு தளர்கிறது. நம் வெயிலில் இதெல்லாம் வேகமாக நடக்கும். ஆகவே சட்ட வைத்திய அதிகாரி ஒரு கால இடைவெளியைத்தான் சொல்வார். உங்களுக்கும் அதுதான் வசதி, அந்த இடைவெளிக்குள் எத்தனை பொய்களையும் அடக்கலாம்.

அடுத்தது செத்தவீடு. நீதவானோ திடீர் மரண விசாரணை அதிகாரியோ சடலத்தைப் பார்த்து, உடற்கூற்றுப் பரிசோதனை முடியும்வரை உடல் வீட்டுக்கு வராது. சந்தேகமான மரணமென்றால் எரிக்காமல் புதைக்கும்படி உத்தரவிடுவதும் உண்டு. எரித்தால் திரும்ப எதைத் தோண்டுவது? “ஏன் புதைக்கச் சொல்லுகினம்?” என்ற ஒரு கேள்வி போதும், ஊர் முழுக்கக் கதை பரவ. 31ஆம் நாள் அந்தியேட்டியையும் கைவிடாதீர்கள். வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகள் அதை முடித்துத் திரும்ப விமானம் ஏறுவார்கள். அதற்குள் ஆளைப் பிடிக்க வேண்டும் என்றால் கதைக்குத் தானாகவே கெடு விழுகிறது.

மிக மோசமானது கடைசி அத்தியாயம். பொறுப்பதிகாரி மேசையில் தட்ட, கொலையாளி அழுது ஒப்புக்கொள்வான், முற்றும். 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டம் 25ஆம் பிரிவின்படி, பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. தானாக விரும்பி நீதவானிடம் சொன்னால் அது வேறு. எனவே ஒப்புதல் வாக்குமூலத்தை நம்பிக் கதையை முடிக்காதீர்கள், கையில் பிடிக்கக்கூடிய தடயம் ஒன்று வேண்டும்.

கொலைக்குக் காரணம் தேடி அலைய வேண்டாம், காணி இருக்கிறது. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி பங்குக் காணியை வெளியாருக்கு விற்கும்போது பங்காளிகளுக்கு முன்வாங்கும் உரிமை உண்டு. அவர்களுக்குத் தெரியாமல் அற்றோணித் தத்துவத்தில் (உரிமையாளருக்குப் பதிலாக இன்னொருவர் கையெழுத்து வைக்கும் அதிகாரம்) எழுதி முடித்த ஒரு காணி உறுதி, பொதுக் கிணற்றுக்குப் போகும் ஒரு பாதை. இரண்டு குடும்பம் பேசாமல் போக இது காணும்.

மானிப்பாய் வாசகி: பதின்மூன்று வயது மகள் இந்தக் கதைகளைக் கேட்கிறாள். கொடுக்கலாமா?

கொடுக்கலாம். இரத்தத்தை வர்ணிக்காமல் புதிரை வளர்க்கும் கதைகளாகப் பார்த்துத் தெரிவுசெய்யுங்கள், முதல் இரண்டு அத்தியாயத்தை நீங்கள் புரட்டினாலே தெரிந்துவிடும். முக்கால்வாசியில் மூடிவைத்து, யார் என்று ஒரு துண்டில் எழுதச் சொல்லுங்கள், காரணத்தோடு. கடைசிப் பக்கத்தை முதலே பார்க்கும் பழக்கம் இருந்தால் அந்தப் பக்கங்களை ஒரு கிளிப்பால் கவ்வி வைத்துவிட்டுக் கொடுங்கள்.