கடல் கேள்வி பதில்: காத்து ஏறும்போது பாயை என்ன பண்ணணும்?

கேள்வி: அண்ணே வணக்கம். நாங்க நாலு பேர் சேர்ந்து ஒரு 36 அடி பாய்மரப் படகு வச்சிருக்கோம், ஜோகூர் பக்கம் நிக்குது. காத்து 20 நாட் (மணிக்கு சுமார் 37 கிலோமீட்டர்) தாண்டினா படகு ஒரேயடியா சாயுது, சுக்கானை எவ்ளோ இழுத்துப் பிடிச்சாலும் மூக்கு தானா காத்துப் பக்கம் திரும்பிடுது. சுக்கான்ல ஏதாவது கோளாறா?
*- சிங்கப்பூர் வாசகர்*

பதில்: சுக்கான் நல்லாத்தான் இருக்கும் தம்பி, பாய்தான் ஜாஸ்தி. காத்து வேகம் ரெண்டு மடங்கானா பாய் மேல விழுற அழுத்தம் நாலு மடங்காகும், அதாவது 10 நாட்ல சுகமா ஓடுன அதே பாய் 20 நாட்ல நாலு பங்கு பலத்தோட படகைச் சாய்க்குது. சாஞ்சதும் பாயோட இழுவை படகுக்கு வெளிய தண்ணிக்கு மேல போயிடும், அதான் மூக்கைத் திருப்புது, அதைத் தடுக்க நீங்க சுக்கானை முழுசா வளைச்சுப் பிடிச்சா அது பிரேக் மாதிரி வேகத்தைத் தின்னுடும். 20, 25 டிகிரிக்கு மேல சாஞ்சா படகுக்கு அடியில இருக்குற கீல் தகடும் சரியா வேலை செய்யாது, படகு பக்கவாட்டுல வழுக்கும். ரீஃப் போட்டுப் பாருங்க, அதாவது பாயைக் கொஞ்சம் இறக்கிச் சுருக்கிக் கட்டுங்க, படகு நிமிரும், பல நேரம் வேகமும் கூடும். ரீஃப் போடுறது பயந்தாங்கொள்ளி வேலைன்னு நினைக்கிறவங்க நிறைய பேர் இருக்காங்க, எனக்கு அதுல துளிகூட சம்மதம் இல்ல.

எப்ப போடணும்னா, போடலாமான்னு மனசுல முதல்ல தோணுதே, அப்பவே. காத்தை எதிர்த்து ஓடுறப்ப காத்து வேகம் காட்டுற மீட்டர்ல 16, 18 நாட் காட்டுனா பெரும்பாலான குடும்பப் படகுகளுக்கு முதல் ரீஃப் நேரம், படகுக்குப் படகு கொஞ்சம் மாறும். உங்க பக்கம் ஏப்ரல்ல இருந்து நவம்பர் வரைக்கும் சுமத்ரா ஸ்குவால்னு திடீர் சூறைக்காத்து மழை வேற வரும், பெரும்பாலும் விடியக்காலைலயோ காலைலயோ, மேற்கே கருப்பா ஒரு மேகவரிசை எழும்பும், அதுல மணிக்கு 40ல இருந்து 80 கிலோமீட்டர் வேகம் வரைக்கும் காத்து வீச்சு இருக்கும். அந்த வரிசையைப் பாத்ததும் ரெண்டாவது ரீஃபை போட்டுடுங்க. மழை தலைமேல விழுந்தப்புறம் மாஸ்ட் (பாய்மரம்) கிட்ட போய் நிக்கிறது ஆபத்து.

கேள்வி: ரீஃப் போட்டாலும் எங்க மெயின்செயில் (பெரிய பாய்) பை மாதிரி தொங்குது, சுருட்டுற ஜிப்பும் (முன்பாய்) பாதி சுருட்டுனா உப்பிக்குது. என்ன தப்பு பண்றோம்?
*- சென்னை வாசகி*

பதில்: முக்கால்வாசி நேரம் பாயை ஏத்துற கயிறான ஹேல்யார்ட் தளர்வா இருக்கும்மா. வரிசையைச் சொல்றேன். ஜிப் இழுத்துட்டே இருக்கட்டும், அப்பதான் சுக்கான் பேச்சைக் கேக்கும். பாயோட அடியில இருக்குற கட்டையான பூம் கீழ விழாம அதைத் தாங்குற டாப்பிங் லிஃப்ட் கயிறை இறுக்கிட்டு, பூமைக் கீழ இழுத்துப் பிடிக்கிற வாங்கையும் பாயை இழுத்துப் பிடிக்கிற மெயின்ஷீட் கயிறையும் தளர்த்தி விட்டுடுங்க, பாய் படபடன்னு அடிக்கட்டும். ஹேல்யார்டை இறக்கி, பாயோட முன்னோரத்து ரீஃப் வளையத்தைக் கொக்கில மாட்டுங்க. அடுத்து ஹேல்யார்டை வின்ச்ல (கயிறு இறுக்குற உருளை) போட்டு நல்லா இறுக்குங்க, முன்னோரத்துல மாஸ்டை ஒட்டி மேலயும் கீழயும் ஒரு மடிப்பு லேசா தெரியுற வரைக்கும். அங்க படுக்கை வாட்டத்துல சுருக்கம் விழுந்தா இன்னும் பத்தலைன்னு அர்த்தம். இதுக்கப்புறம்தான் பின்மூலை ரீஃப் கயிறு, அந்த மூலை பூமை ஒட்டிப் பின்பக்கமா வர்ற வரைக்கும் இழுக்கணும், இதுல கஞ்சத்தனம் பண்ணா பாய் கண்டிப்பா பையாத்தான் நிக்கும். நடுவுல தொங்குற சின்ன நாடாக்களை இறுக்கிக் கட்டாதீங்க, அது மிச்சப் பாயைச் சுருட்டி வைக்க மட்டும்தான், பாரம் விழுந்தா அந்த இடத்துலயே கிழியும்.

ஜிப்பைச் சுருட்டுறப்ப ஷீட் (ஜிப்பை இழுக்குற கயிறு) ஓடுற கப்பியை டிராக்ல முன்னாடி நகர்த்தணும், நிறைய பேர் மறக்குறது இதைத்தான். நகர்த்தலன்னா பாயோட மேல்பாகம் துவண்டு உதறிட்டே இருக்கும். மாஸ்டைப் பின்னால இழுத்துப் பிடிக்கிற பேக்ஸ்டே கம்பியை இறுக்குற வசதி இருந்தா இறுக்குங்க, முன்பாய் தட்டையாகும். திடீர் வீச்சுக்கு மட்டும்னா ரீஃப் வேணாம், மெயின்ஷீட்டைப் பக்கவாட்டுல நகர்த்துற டிராவலரைக் காத்து போற பக்கம் இறக்குனாலே போதும்.

கேள்வி: எங்க ஊரு ரூபாவும் கேரளாவோட தில்னாவும் தாரிணிங்கிற பாய்மரப் படகுல ரெண்டே பேரா உலகத்தைச் சுத்தி வந்தாங்களே! தென்கடல்ல காத்து முதுகுப் பக்கம்தானே அடிக்கும், அப்ப ரீஃப் தேவைப்படாதுல்ல?
*- புதுச்சேரி வாசகர்*

பதில்: 2024 அக்டோபர் 2ல கோவால கிளம்பி 2025 மே 29ல திரும்பி வந்தாங்க, கடற்படையோட 56 அடி படகு, எனக்கும் அவ்ளோ பெருமை. ஆனா பின்காத்துதான் ஆளை ஏமாத்தும். 20 நாட் காத்து, படகு 6 நாட்ல அதே திசையில ஓடுதுன்னா மேல படுறது வெறும் 14தான், சுகமா இருக்கேன்னு தோணும். ஆள் யாராவது தண்ணில விழுந்து காத்துக்கு எதிரா திரும்பணும்னா அதே காத்து 26 கிட்ட ஆயிடும், முழுப்பாயோட. அதோட பின்காத்துல மெயின்செயில், மாஸ்டைப் பக்கவாட்டுல தாங்குற ஷ்ரவுட் கம்பி மேல அழுந்திக் கிடக்கும், கீழ இறக்குறதே பெரும்பாடு. அதனால எதிர்காத்துல எந்த அளவுக்குச் சுருக்குவீங்களோ அந்த அளவுக்கு முன்னாடியே சுருக்கிட்டு, பூமை முன்பக்கமா இழுத்துக் கட்டிடணும், இல்லன்னா ஒரு அலை தூக்கிப் போட்டதும் பூம் தலைக்கு மேல எதிர்ப்பக்கம் பறக்கும். ரெண்டு பேர் மட்டும் ஓட்டுற படகுல இன்னொண்ணு, ஒருத்தர் தூங்கப் போறதுக்கு முன்னாடி ரெண்டு பேருமா சேர்ந்து ரீஃபைப் போட்டுட்டுத்தான் கீழ இறங்கணும்.