கோத்தகிரில தேயிலை விவசாயம் பண்ணிக்கிட்டே புத்தர் சொன்ன நற்செயல் வழில வாழ முடியுமா?

தாராளமா முடியுங்க. எண்வழிப் பாதைல நற்செயல்னு வர்றது மூணு, உயிரைக் கொல்லக்கூடாது, கொடுக்காததை எடுக்கக்கூடாது, காமத்துல தப்பா நடக்கக்கூடாது. நம்ம மலைல சிக்கல் முதல் ரெண்டுலதான்.

எடுக்கறதுன்னா திருட்டு மட்டும்னு நினைக்காதீங்க. சாயங்காலம் பச்சைத்தேயிலை எடை போடறப்ப சாக்கு, ஈரம்னு சொல்லி நியாயமா கழிக்கறதுக்கு மேல ரெண்டு கிலோ கழிச்சா, அது காலைல இருந்து அட்டைக்கடில நின்னு பறிச்ச அக்காவோட கூலி, அதுவும் இதுலதான் வரும்.

மண்ணைக் கொத்தறப்ப தெரியாம புழு சாகறது வேற, காட்டுப்பன்னிக்கு வேலியோரம் சுருக்குக் கம்பி வைக்கறது வேற, ஏன்னா பௌத்தத்துல மனசுல இருக்கற எண்ணம்தான் வினை. அந்தச் சுருக்குல சிறுத்தையும் மாட்டுது பாருங்க. மருந்தடிக்கறதுதான் நிஜமாவே கஷ்டமான கேள்வி, பூச்சியைக் கொல்லத்தான் அடிக்கறோம், அதை மழுப்ப முடியாது, படிப்படியா குறைச்சு இயற்கை முறைக்கு வர்றதுதான் நேர்மைன்னு எனக்குத் தோணுது.

(1898ல சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கின அயோத்திதாசர் சின்ன வயசுல நீலகிரில வளர்ந்தவர்தான், அதனால இதெல்லாம் நமக்கு அந்நியமில்ல.)

குழப்பமா இருந்தா மகன் ராகுலனுக்கு புத்தர் சொன்னதைப் பிடிச்சுக்கங்க. செய்யறதுக்கு முன்னாடி, செய்யறப்ப, செஞ்சப்புறம், இது எனக்கோ அடுத்தவங்களுக்கோ கேடு பண்ணுதான்னு பாக்கணும், பாதில தெரிஞ்சா அங்கயே நிறுத்தணும், முடிஞ்சப்புறம் தெரிஞ்சா விவரம் தெரிஞ்சவங்க கிட்ட மறைக்காம சொல்லிட்டு அடுத்த தடவை அடக்கமா இருக்கணும்.