கிராஞ்சிக் கீரைக்கு விலையைக் குறைக்காதீர்கள்

வணக்கம். சிங்கப்பூரின் பண்ணைப் பகுதியான கிராஞ்சியில் நீங்கள் விளைவிக்கும் முளைக்கீரை, மலேசியக் கீரையின் விலைக்குமுன் நிற்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து விலையைக் குறைக்காதீர்கள். சிங்கப்பூர் உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதிதான். இங்குள்ள வாடகை, ஆள்கூலி, மின்கட்டணத்தை வைத்துக்கொண்டு அந்த விலையோடு மோத முடியாது.

உங்கள் பலம் நேரம். லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையில் கீரை வாங்கும் அம்மாக்களைக் கவனியுங்கள்: முதலில் கட்டைத் திருப்பி வேரைப் பார்ப்பார்கள், அப்புறம் ஒரு தண்டை ஒடித்துப் பார்ப்பார்கள். காலையில் பறித்ததை வேரோடு, ஈரம் காயாமல், பறித்த நேரத்தை எழுதிக் கொடுங்கள். ஏகாதசிக்கு மறுநாள் அகத்திக்கீரைக்கு அலைகிறவர்கள் உண்டு, அதையும் போடுங்கள்.

விற்பனைக்கு, அடுக்குமாடி புளோக்குகளில் குடியிருப்பவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் வாராந்திர முன்பதிவு எடுங்கள். பறிக்கும் முன்பே விற்றிருக்கும், மிஞ்சி அழுகாது.